கீ உடைந்தால் விளக்கு என்ன சொல்லும்?

கல்பாக்கம்னு பேச்செடுத்தாலே கதிர்வீச்சு, யுரேனியம், சுனாமி என்றுதான் பேச்சு போகும். இந்தக் குறிப்பு விரல்நுனி அளவே உள்ள ஓர் இரும்புத் துண்டைப் பற்றியது. அதன் பெயர் கீ.

செங்கல்பட்டில் ஏதாவதொரு லேத் பட்டறையில் கேட்டால் காட்டுவார்கள். ஷாஃப்ட்டில் பாதி, பல்சக்கரத்தில் பாதி என்று ஒரு பள்ளம் வெட்டி, நடுவில் சின்ன இரும்புக் கட்டையைத் தட்டி இறக்குவார்கள். ஷாஃப்ட் சுற்றினால் சக்கரமும் கூடவே சுற்றும். தேரின் அச்சாணியோடு இதைக் குழப்பிக்கக் கூடாது. சக்கரம் கழன்று ஓடாமல் தடுப்பது அச்சாணி. இரண்டையும் சேர்ந்து சுற்ற வைப்பது கீ. மாமல்லபுரத்து ஐந்து ரதங்களுக்கு இரண்டுமே வேண்டாம், பாறையிலேயே செதுக்கியவை. ஓடுகிற இயந்திரத்தில் இணைப்பு இல்லாமல் முடியாது.

பல இயந்திரங்களில் கீயை வேண்டுமென்றே கொஞ்சம் மென்மையான இரும்பில் செய்வார்கள். ஏதாவது சிக்கினால் முதலில் கீ அறுந்துவிடும், விலையுயர்ந்த பல்சக்கரம் தப்பிக்கும். கரும்பு ஆலைக்கு இது நல்ல யோசனை. அணு உலைக்கு?

சென்னை அணுமின் நிலையம் என்ற பெயரில் கல்பாக்கத்தில் இருப்பவை இரண்டு கனநீர் உலைகள். 1984-லும் 1986-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கியவை. ஒவ்வொன்றும் 220 மெகாவாட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 800 மெகாவாட் வெப்பம் உண்டாக்குகிறது. உலையை நிறுத்திய கணத்திலும் அந்த வெப்பத்தில் சுமார் 6 சதவீதம் மிச்சம் இருக்கும். அதாவது, 'நிறுத்திய' உலையிலேயே 50 மெகாவாட்டுக்குப் பக்கம் வெப்பம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நீர் கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்தபோது, ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் உலை நின்ற பிறகு குளிர்விக்கும் வேலை தொடரணும். தண்ணீர் போக வேண்டிய குழாய் திறந்தே ஆகணும். உலக அணுமின் நிலையங்களில் இப்படிப்பட்ட குழாய்கள் பலவற்றைத் திறப்பதும் மூடுவதும் மோட்டார் வால்வுகள்தான்.

மோட்டார் ஷாஃப்ட்டில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம். அதைப் பிடித்திருப்பது ஒரு கீ. கணக்கு போட்டுப் பார்ப்போம்: 25 மி.மீ. ஷாஃப்ட்டில் 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை என்றால், கீ மேல் விழுவது 4,000 நியூட்டன், அதாவது சுமார் 400 கிலோ எடை. அதுவும் ஒரே சீராக விழுவதில்லை. வால்வு மூடி இருக்கையில் போய் முட்டும்போது மோட்டாரின் சுழல்பகுதி இன்னும் வேகத்தில்தான் இருக்கும். மின்சாரம் நின்றாலும் அந்த வேகம் கீயில்தான் இறங்கும். ஒவ்வொரு மூடலும் ஒரு சம்மட்டி அடி. கீ பள்ளத்தில் லூஸாக இருந்தால் அடி இன்னும் பலமாக விழும், இல்லையென்றால் கீ மெல்ல நகர்ந்து வெளியே வந்துவிடும்.

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இந்தக் கீ பற்றி 1981, 1988, 1990, 1994 எனத் திரும்பத் திரும்ப மின்நிலையங்களுக்கு எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பியிருக்கிறது. சாதாரண கார்பன் எஃகில் செய்த கீகள் அறுந்தன. இன்னும் வலுவான குரோம்-மாலிப்டினம் எஃகுக்கு மாற்றச் சொன்னார்கள்.

இந்தக் குறிப்பை எழுதத் தூண்டியது இனிமேல் வரும் விஷயம். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு வால்வு கண்ணில் படாது. அவர் பார்ப்பது 'திறந்தது', 'மூடியது' என்ற இரண்டு விளக்குகளை. அந்த விளக்குகளை எரிய வைக்கும் லிமிட் சுவிட்ச் பெரும்பாலும் வால்வுக்குள்ளே இருக்காது, மேலே உள்ள கியர் பெட்டியில்தான் இருக்கும்.

மோட்டார் பக்கத்துக் கீ அறுந்தால் மோட்டார் காலியாகச் சுற்றும். கியர் அசையாது, லிமிட் சுவிட்சும் அசையாது. விளக்கு பழைய நிலையிலேயே நிற்கும். பழுதுதான், ஆனா விளக்கு பொய் சொல்லலை. ஆள் போக முடிகிற இடமாக இருந்தால் கைச்சக்கரத்தைச் சுற்றியும் வால்வைத் திறக்கலாம்.

கியர் பெட்டிக்கும் வால்வுத் தட்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பு போனால் கதையே வேற. மோட்டார் ஓடும், கியர் சுற்றும், சுவிட்ச் தட்டும், 'திறந்தது' விளக்கு எரியும். தட்டு மட்டும் மூடியபடியே கிடக்கும்.

இது கற்பனை இல்லை. 2010 அக்டோபர் 23 அன்று அலபாமாவின் பிரவுன்ஸ் ஃபெரி முதல் உலையில், நிறுத்திய உலையைக் குளிர்விக்க ஒரு மோட்டார் வால்வைத் திறந்தார்கள். விளக்கு 'திறந்தது' என்றது. தண்ணீர் போகவில்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே தட்டு கழன்று கிடந்தது. இங்கே போனது கீ இல்லை, தட்டின் இணைப்பு. ஆனால் ஏமாந்த விதம் அதேதான். ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த வால்வு செயலற்றுக் கிடந்திருக்கும் என்று முடிவுக்கு வந்து, ஆணையம் 2011-இல் 'சிவப்பு' என்ற மிகக் கடுமையான தரக்குறியீட்டைக் கொடுத்தது.

அப்போ என்ன செய்யலாம்? நல்ல எஃகு, இறுக்கமான பொருத்தம், கீ நகராதபடி பஞ்ச் அடிப்பது எல்லாம் முதல் படி. அடுத்தது சோதனை. தண்ணீர் அழுத்தம் இல்லாத நேரத்தில் ஒருமுறை திறந்து மூடிப் பார்ப்பது போதாது. பாதி விரிசல் விட்ட கீகூட அதில் பாஸாகிவிடும். அதனால்தான் 1989-இல் அமெரிக்க ஆணையம், விபத்து நேரத்து அழுத்தத்திலும் வால்வு வேலை செய்யும் என்று நிரூபிக்கச் சொன்னது. மோட்டார் இழுக்கும் கரண்ட்டையும் வரைபடமாகப் பதிவு செய்யலாம். காலியாகச் சுற்றும் மோட்டாருக்குக் கரண்ட் குறைவு, மூடி இருக்கையைத் தொடும்போது ஏற வேண்டிய கரண்ட்டும் ஏறாது.

கடைசியாக, விளக்கை மட்டும் நம்பாமல் ஓட்டமானியையும் பார்ப்பது. நம்ம வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்கும் இதே கதைதான். மோட்டார் சத்தம் கேட்குதுன்னு விட்டுட்டா முடிஞ்சுது. மேலே ஏறி, குழாயில் தண்ணீர் விழுதான்னு பாக்கணும்.