வராத நோய்க்கு யார் காரணம்?

கொல்கத்தாவில் ஹோமியோபதி என்பது ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் மருத்துவமல்ல. கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் எம்.டி. பட்டம் பெற்ற மகேந்திரலால் சர்க்கார், 1867-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் வங்காளக் கிளைக் கூட்டத்திலேயே அதை ஆதரித்துப் பேசி, சக மருத்துவர்களால் ஒதுக்கப்பட்டார். 1881-இல் அங்கே ஹோமியோபதிக் கல்லூரி வந்தது. 1975-இல் மத்திய அரசின் தேசிய நிறுவனமும் வந்தது. இந்தச் செல்வாக்கில் காலராவுக்குப் பெரிய பங்கு உண்டு. அன்றைய ஆங்கில மருத்துவம் காலரா நோயாளிக்கு ரத்தத்தை வெளியேற்றியது, கலோமல் என்ற பாதரச மருந்தைப் புகட்டியது. உடம்பின் நீரெல்லாம் வற்றிக் கிடப்பவனை இப்படி வதைப்பதைவிட, ஒன்றும் செய்யாத சர்க்கரை உருண்டை எவ்வளவோ மேல். ஹோமியோபதி மருத்துவரிடம் போனவர்கள் பிழைத்தார்கள் என்றால், அதில் அவர் செய்யாமல் விட்டதற்கும் பங்கிருக்கிறது. அப்படிச் சேர்ந்த நற்பெயர், நோயே வராமல் தடுப்போம் என்ற வாக்குறுதிக்கும் முதலீடானது. என் வாதம் அங்கேதான் தொடங்குகிறது: நோயைத் தீர்த்தேன் என்பதைவிடத் தடுத்தேன் என்று சொல்வது எளிது, நிரூபிப்பதோ கடினம். கொள்ளைநோய்க் காலத்திலும் ஊரில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. உருண்டையை விழுங்கியவர்களிலும் பெரும்பாலோருக்கு வராது.

நோய் வருமுன்பே மருந்து தரும் இந்த வழக்கத்தின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. 1799-இல் கோனிக்ஸ்லுட்டர் ஊரில் செங்காய்ச்சல் பரவியபோது, ஒரு வீட்டில் நான்கு குழந்தைகளில் மூவர் படுத்துவிட்டார்கள். விரல் மூட்டு உபாதைக்காக பெல்லடோனா சாப்பிட்டுவந்த நான்காவது குழந்தை தப்பியது. இதைக் கண்ட ஹோமியோபதியின் நிறுவனர் ஹானிமன், பெல்லடோனாவே செங்காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்து என்று முடிவுகட்டினார். ஒரு வீடு, ஒரு குழந்தை! 1831-இல் ஐரோப்பாவில் காலரா பரவியபோது, நீர்த்து 'வீரியப்படுத்திய' தாமிரத்தை முன்காப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். கூடவே அளவான உணவும் சுத்தமும் வேண்டும் என்றார். நோய் வராமல் போனால் அது தாமிரத்தாலா, சுத்தத்தாலா? இந்த முறைக்குள் அதைப் பிரித்தறிய வழியே இல்லை.

வழி இருந்தது என்பதற்குக் கொல்கத்தாவே சாட்சி. 1894-இல் வால்டிமார் ஹாஃப்கின் தன் காலரா தடுப்பூசியோடு அங்கே வந்தார். காட்டால் பாகான் என்ற குடிசைப் பகுதியில் குளத்தைச் சுற்றி வாழ்ந்த சுமார் 200 பேரில் 116 பேருக்கு ஊசி போட்டார். அதற்குப் பிறகு பத்துப் பேருக்குக் காலரா கண்டது, ஏழு பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள். குலுக்கிப் பிரிக்காத சோதனை என்பதால் இதிலும் குறை உண்டு, ஆனால் போட்டவர்களையும் போடாதவர்களையும் அருகருகே வைத்து எண்ணினார்கள். 2006-இல் அதே நகரத்தின் குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ 67,000 பேருக்கு வாய்வழி காலரா தடுப்பு மருந்தையோ அதைப்போலவே தோன்றிய போலி மருந்தையோ குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். இரண்டாண்டுக் கணக்கில் பாதுகாப்பு 67 விழுக்காடு. நூறு விழுக்காடு என்று யாரும் மார்தட்டவில்லை என்பதே அந்தக் கணக்கின் மேல் நம்பிக்கை வரக் காரணம்.

தடுப்பூசியும் நோயைத் தருவதையே சிறிதளவு தந்து காப்பதுதானே, இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். ஒன்றல்ல. தடுப்பூசியில் அளந்து பார்க்கக்கூடிய பொருள் இருக்கிறது. அது ரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்குவதையும் அளக்கலாம். '30' என்று எழுதிய ஹோமியோ மருந்தோ, நூறில் ஒரு பங்காக முப்பது முறை நீர்த்தது. 1-க்குப் பின் 60 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு. பன்னிரண்டு முறை நீர்த்ததுமே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதுகூட அரிது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஹோமியோ 'தடுப்பு மருந்து' எதிர்ப்பொருளை உண்டாக்கவில்லை. வழக்கமான தடுப்பூசிகள் உண்டாக்கின. கியூபாவில் 2007-இல் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சலுக்கு எதிராக ஹோமியோ மருந்து கொடுத்தார்களே, நோய் குறைந்ததே என்பார்கள். அங்கே யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்று குலுக்கிப் பிரிக்கவில்லை. வெள்ளத்தோடு பரவும் எலிக்காய்ச்சல், வெள்ளம் வடிந்தால் தானாகவும் தணியும்.

பக்கவிளைவு இல்லையே, சாப்பிட்டுவிட்டுப் போகட்டுமே என்பது கடைசி வாதம். நோயாளி விஷயத்தில், அதுவும் 1860-களில், இந்த வாதத்துக்கு வலு இருந்தது. நோயில்லாதவர் விஷயத்தில் இல்லை. காப்பு இருக்கிறது என்று நம்புகிறவர் கூட்டத்துக்குள் தைரியமாகப் போவார், ஊசியைத் தள்ளிப்போடுவார். 2020 ஜனவரி 29 அன்று, கேரளத்தில் முதல் கொரோனா நோயாளி உறுதியாவதற்கு ஒருநாள் முன்பே, ஆயுஷ் அமைச்சகம் ஆர்சனிகம் ஆல்பம் 30 என்ற ஹோமியோ மருந்தை முன்காப்பாக மூன்று நாள் வெறும் வயிற்றில் சாப்பிடலாம் என்று அறிவித்தது. அந்தக் கிருமி அடையாளம் காணப்பட்டே ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த மருந்து அதைத் தடுக்குமா என்று சோதித்துப் பார்க்க அவகாசமே இருந்திருக்காது. அடுத்த கொள்ளைநோய்க்கு யாராவது இப்படியொரு மருந்தை நீட்டினால், அது எந்த மருத்துவ முறையாக இருந்தாலும், சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு நோய் வந்தது, சாப்பிடாதவர்களில் எத்தனை பேருக்கு வந்தது என்று கேளுங்கள். இரண்டு எண்களும் கைக்கு வராதவரை பணத்தை எடுக்காதீர்கள்.