சமையலறை பிளக் பாயிண்ட்: டைல்ஸ் ஒட்டும் முன்பே முடிவு செய்யுங்கள்

தண்ணீர், நெருப்பு, கேஸ், மின்சாரம் நான்கும் ஒன்றாகப் புழங்கும் அறை சமையலறை. ஆனாலும் அங்கே பிளக் பாயிண்ட் எங்கே வர வேண்டும் என்பதைப் பல வீடுகளில் சுவரில் காடி வெட்ட வந்தவரே முடிவு செய்துவிடுகிறார். டைல்ஸ் ஒட்டிக் குடிபோன பிறகுதான் கிரைண்டருக்குப் பக்கத்தில் பாயிண்ட் இல்லை என்பது தெரிகிறது. உடனே ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேடைக்கு வருகிறது. அதன் ஒயர் சிங்க்கைத் தாண்டியோ அடுப்பை ஒட்டியோ கிடக்கிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

எங்கே வைப்பது?

மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஃபிரிட்ஜ் எது எங்கே நிற்கும் என்று முதலில் தாளில் வரையுங்கள். மேடைப் பாயிண்ட்டுகள் மேடையிலிருந்து அரை முதல் முக்கால் அடி உயரத்தில் இருக்கட்டும். மாவு வழிந்தாலும் மேடையைக் கழுவினாலும் ஈரம் எளிதில் எட்டாது. சிங்க், கேஸ் அடுப்பு இரண்டின் ஓரத்திலிருந்தும் குறைந்தது ஓரடி தள்ளி வையுங்கள்; இடமிருந்தால் இரண்டடி நல்லது. அடுப்புக்குப் பின்சுவரில் வேண்டவே வேண்டாம். கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே கை நீட்டி ஸ்விட்ச் போட வேண்டியிருக்கும்.

வாட்டர் பியூரிஃபையருக்கு நேர் கீழே பாயிண்ட் வைத்தால், டியூப் கசியும் நாளில் தண்ணீர் அதன் மேல்தான் சொட்டும், பக்கவாட்டில் வையுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே மேடைக்கு அடியில் சிலிண்டர் வைக்கும் தடுப்புக்குள் பாயிண்ட் கூடாது. கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 எண்ணை அழையுங்கள்.

எவ்வளவு தாங்கும்?

2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பாயிண்ட் அதைத் தாங்காது. அதற்குத் தனி ஒயர் இழுத்த 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும்.

கிரைண்டரைத் தொட்டால் சுரீரென்கிறதா? செருப்பு போட்டுக்கொண்டு மாவாட்டுவது தீர்வல்ல. எர்த் சரியில்லை அல்லது கருவியில் கசிவு என்று பொருள். சரிபார்க்கும்வரை அதை ஓட்டாதீர்கள். சுமை மிகுந்தால் துண்டிக்கும் எம்.சி.பி. ஒயரைக் காக்கும்; ஆளைக் காப்பது, மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி.தான். மெயின் போர்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அதன் ‘டெஸ்ட்’ பொத்தானை அவ்வப்போது அழுத்தினால் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும், துண்டிக்கவில்லையென்றால் மாற்றுங்கள்.

கேட்பது உங்கள் உரிமை

வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே செய்ய வேண்டும் என்பது விதி. உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்விட்ச், சாக்கெட், ஒயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். பூசுவதற்கு முன் சுவரில் பைப் போகும் வழியைப் படம் எடுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது உதவும். வாடகை வீடென்றால் ஷாக் அடிப்பதை உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

வேலை மோசமாக இருந்து, செய்தவர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்கும் தொடுக்கலாம்; வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. அங்கே உங்களுக்காகப் பேசப்போவது பில்லும் படங்களும் வாட்ஸ்அப் செய்திகளும்தான். வேலை தொடங்கும் நாளிலிருந்தே அவற்றைச் சேர்த்து வையுங்கள்.