தீராத அசதியும் இரத்தம் உறைதலும்



"ஐயா, உடம்பு ஒரே அசதியா இருக்கு. ரெண்டு நாள் படுத்துக் கிடந்தும் தீரலே." மருந்தகத்துக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் பேச்சு இது. நாள் முழுக்கக் குலை வெட்டுகிறவருக்கும் பால்மரம் சீவுகிறவருக்கும் அசதி வருவது இயற்கை. ராத்திரி நன்றாகத் தூங்கினால் அது போய்விடும்.

ஆனால் ஆறு மாதத்துக்கு மேலாகியும் விடாத அசதி, தூங்கி எழுந்தும் தெளியாத உடம்பு, கொஞ்சம் பாடுபட்டாலே மறுநாள் படுக்கையில் தள்ளிவிடும் சோர்வு, ஞாபக மறதி, எழுந்து நின்றால் தலைசுற்றல் இவையெல்லாம் சேர்ந்து வருகிற வியாதி ஒன்று உண்டு. அதை 'நீடித்த சோர்வு நோய்' என்பார்கள். காய்ச்சலோ கோவிட்டோ வந்து போன பிறகு இது சிலரைப் பிடித்துக்கொள்கிறது. இது சோம்பேறித்தனம் அல்ல. மண்டோரும் வீட்டாரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இரத்தம் தடித்துப் போவதுதான் இதற்குக் காரணம், அதைச் சோதித்து மருந்து சாப்பிட்டால் தீரும் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை எவ்வளவு?

மங்கில் விட்டுவைத்த பால் தானே உறைந்து கட்டிப்பால் ஆவதை நாம் பார்க்கிறோம். இரத்தமும் உறையும். காயம் பட்டால் இரத்தத் தட்டுகள் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஃபைப்ரினோஜன் என்ற புரதம் நூல் நூலாக மாறி வலைபோல் பின்னி ஓட்டையை அடைக்கும். காயம் ஆறியதும் உடம்பே அந்த வலையைக் கரைத்துவிடும்.

1999-ல் அமெரிக்காவில் டேவிட் பெர்க் என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும், சோர்வு நோயாளிகளின் இரத்தம் அளவுக்கு மீறி உறையப் பார்க்கிறது என்று எழுதினார்கள். 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் சோதித்தவர்களுக்கோ, நோயாளிக்கும் நல்ல உடம்புக்காரருக்கும் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. 2021-ல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தார், கோவிட் வந்து நீண்ட நாள் தேறாதவர்களின் இரத்தத்தில் எளிதில் கரையாத நுண்கட்டிகளைக் கண்டதாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு சோர்வு நோயாளிகளிடமும் கண்டார்கள், ஆனால் குறைவாக. நோய்க்கு இதுதான் காரணமா என்பது இன்னும் முடிவாகவில்லை. 'உனக்குச் சோர்வு நோய்தான்' என்று உறுதிப்படுத்தும் இரத்தச் சோதனை எதுவும் இன்றுவரை கிடையாது.

டி-டைமர் என்ற சோதனை உண்டு. காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டால் அதைச் செய்யச் சொல்வார். காய்ச்சல், கர்ப்பம், முதுமை இவற்றிலும் அதன் அளவு ஏறும். ஆகவே அசதிக்கென்று சம்பளப் பணத்தைக் கொட்டி இதைச் செய்ய வேண்டியதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது வேறு: இரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், காசநோய். மாதவிடாயில் அதிகம் இரத்தம் போகும் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவே அசதிக்குக் காரணமாக இருக்கலாம். இவற்றை அரசாங்க கிளினிக்கிலேயே சோதிக்கலாம். இவற்றுக்கு மருந்தும் உண்டு.

அடுத்தவர் சொன்னார் என்று ஆஸ்பிரினோ, இரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு மாத்திரையோ தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். அரிவாளும் உளியும் பிடிக்கிற கை நம்முடையது. வெட்டுப்பட்டால் இரத்தம் நிற்காது. டெங்கிக் காய்ச்சலில் இரத்தத் தட்டுகள் குறையும். அப்போது ஆஸ்பிரின் மிகவும் ஆபத்து. டாக்டர் வார்ஃபரின் கொடுத்திருந்தால், அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நாட்டு மருந்தோடு கலக்கவும் வேண்டாம். குறித்த தேதியில் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு குத்தினாலோ மறுநாள் வரை பொறுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது உண்மையாகவே இரத்தக்கட்டியாக இருக்கலாம்.

சோர்வு நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால், வேலையையும் ஓய்வையும் பிரித்துப் பிரித்துச் செய்யுங்கள். முடிந்த அளவுக்கு மேல் உடம்பை விரட்டினால் நோய் கூடும். 1955-ம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு: இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். எம்.சி. எடுத்தால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். இதில் தகராறு வந்தால் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள்.

அசதி என்று ஒருவர் சொன்னால் கேலி பண்ணாமல் கேளுங்கள். கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.