கமராவும் ஒலியும் பேசும் மொழி

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது முதுமொழி. திரைப்படம் பார்ப்போருக்கு இது மிகவும் பொருந்தும். நாடக மேடையில் நடப்பதை ஒவ்வொருவரும் தத்தம் இருக்கையிலிருந்து, விரும்பிய பக்கம் நோக்கிப் பார்க்கின்றனர். திரைப்படத்திலோ எதைப் பார்ப்பது, எங்கிருந்து பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பவற்றை நெறியாளர் முன்னரே தீர்மானித்துவிடுகின்றார். கதையின் பொருளிற் பெரும்பகுதி இத்தீர்மானங்களிலேயே பிறக்கின்றது.

இவ்வுண்மையை ரஷ்ய நாட்டு லெவ் குலெஷோவ் 1920ஆம் ஆண்டளவில் ஒரு சோதனையால் விளக்கினார். மொஸ்ஜுகின் என்னும் நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை ஒரு சூப்புக் கோப்பையுடனும், பிரேதப் பெட்டியிற் கிடக்கும் ஒரு பெண்ணுடனும், விளையாடும் ஒரு குழந்தையுடனும் தனித்தனியே இணைத்துக் காட்டினார். முகம் ஒன்றே, ஆயினும் பார்த்தோர் அதில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் கண்டு நடிகரைப் பாராட்டினர் என்று அவருடைய மாணவராகிய புதோவ்கின் எழுதியுள்ளார். முகத்தில் இல்லாததைப் பார்த்தவர் மனமே அங்கு கொண்டுபோய் வைத்தது.

கமரா நிற்கும் உயரமும் பொருள் தரும். கீழிருந்து நோக்கினால் மனிதர் பெரியவராகவும், மேலிருந்து நோக்கினால் சிறியவராகவும் தோன்றுவர் என்பது பொது விதி. 1941இல் ஓர்சன் வெல்ஸ் ஆக்கிய ‘சிற்றிசன் கேன்’ படத்தில் இவ்விதிக்குப் புதுப்பொருள் கிடைத்தது. தேர்தலில் தோற்ற கேன் நிற்கும் காட்சிக்காகத் தளத்தையே வெட்டிக் கமராவைத் தாழ இறக்கினர். அவன் பேருருவாய்த் தெரிகின்றான்; ஆனால் தலைக்கு மேலே தெரியும் முகடு அவனை அழுத்துவதுபோலவும் இருக்கின்றது. செருக்கும் வீழ்ச்சியும் ஒரே காட்சியில் அடங்கிவிடுகின்றன.

ஒலியின் வல்லமையை வானொலி கேட்போர் நன்கறிவர். 1929இல் வெளிவந்த ஹிச்கொக்கின் ‘பிளாக்மெயில்’ படத்தில், தன்னை மானபங்கப்படுத்த முயன்றவனைக் கத்தியாற் குத்திக் கொன்ற பெண்ணொருத்தி மறுநாள் காலை உணவுக்கு அமர்ந்திருக்கின்றாள். அக்கொலையைப் பற்றி அயற்பெண் ஒருத்தி ஓயாது பேசுகின்றாள். அவளுடைய சொற்கள் தேய்ந்து வெறும் முணுமுணுப்பாகிவிட, ‘கத்தி’ என்னும் சொல் மட்டும் மீண்டும் மீண்டும் கூர்மையாய் ஒலிக்கின்றது. அஞ்சிய நெஞ்சின் செவி கொண்டு பார்ப்போரும் கேட்கின்றனர்.

காட்சியும் ஒலியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதற்கு 1955இல் வெளிவந்த சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ சிறந்த சான்று. கமராவைக் கையாண்டவர் சுப்ரத மித்ரா, இசையமைத்தவர் ரவிசங்கர். வங்கக் கிராமத்துச் சிறுவர் அப்புவும் துர்க்காவும் வெண்ணிற நாணற்பூக்கள் அடர்ந்த வெளியில் புகைவண்டியைத் தேடிச் செல்கின்றனர். முதலில் வருவது வண்டியன்று; வெளியில் நிற்கும் கம்பத்தின் ரீங்காரமே. துர்க்கா அதிற் காது வைத்துக் கேட்கின்றாள். பின்னரே கரும்புகை தெரிகின்றது. காணாத உலகம் ஒலியாக முந்தி வந்து குழந்தைகளை அழைக்கின்றது.

அத் துர்க்கா காய்ச்சலால் இறந்துபோகின்றாள். அதனை அறியாது வீடு திரும்பும் தந்தை, அவளுக்கென வாங்கிவந்த சேலையை எடுத்துக் காட்டுகின்றார். தாய் வாய்விட்டு அலறுகின்றாள், அக்குரல் கேட்பதில்லை. அதனிடத்தில் தார் செனாய் என்னும் நரம்பு வாத்தியம் உச்சத்தில் ஒலிக்கின்றது. குரல் கேட்டிருப்பின் அது ஒரு தாயின் அழுகையாக மட்டும் நின்றிருக்கும். வாத்தியம் அதனைப் பிள்ளையை இழந்த தாயர் எல்லோருடைய துயரமாகவும் ஆக்கிவிடுகின்றது.

கலைஞர் கையில் இவ்வாறு உண்மையை உணர்த்தும் கருவிகளே, விளம்பரத்திலும் அரசியற் பிரசாரத்திலும் பொய்யை மெய்யாக்கவும் உதவுகின்றன. ஆதலின் இம்மொழியின் எழுத்தறிவு எல்லோருக்கும் வேண்டியதாகும். மனத்தை உலுக்கும் ஒரு காட்சியை மறுமுறை ஒலியின்றிப் பார்த்தல், பின்பு கண்மூடி ஒலியை மட்டும் கேட்டல் எளிய பயிற்சி. உள்ளம் உருகியது எதனால் என்பது அப்போது விளங்கும். விளங்கியபின் நல்ல படத்தின் சுவை குறைவதில்லை. போலியின் மயக்கமே குறைகின்றது.