கால்நடை மருத்துவமனைக் காப்பீடு – 7: காவல் யார் கையில்?

எக்ஸ்-ரே கருவி, குளிர்பதனப் பெட்டி, திரவ நைட்ரஜன் கலன் ஆகியவற்றுக்கான காப்பீடு சென்ற வாரத்தோடு நிறைவுற்றது. இவ்வாரத்துக்கு வெள்ளமும் பொறுப்புக் காப்பீடும் அறிவிக்கப்பட்டிருந்தன. மருத்துவமனையின் செயலாலோ கவனக்குறைவாலோ பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் பொறுப்புக் காப்பீடு முதலில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. விலங்கு யார் காவலில் இருந்தது என்னும் அதன் அடிப்படைக் கேள்வியைக் காரைக்காலின் சட்ட வரலாறு தெளிவாக எழுப்புகிறது.

1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1819-ஆம் ஆண்டு ஆணையின் வழியாக, நெப்போலியன் காலத்து 1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பு இங்கு நடைமுறைக்கு வந்தது. திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் மக்களின் வழக்காறுகள் தொடர்ந்தன. அத்தொகுப்பின் 1385-ஆம் பிரிவின்படி, ஒரு விலங்கு விளைவிக்கும் சேதத்துக்கு அதன் உரிமையாளர் பொறுப்பாவார். அவ்வேளையில் அதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பவர் வேறொருவரானால், பொறுப்பு அவரைச் சேரும். விலங்கு கட்டறுத்து ஓடிவிட்டது என்பதும் பொறுப்பைக் குறைக்காது.

இப்பிரிவின் ஆழம் எல்லைக்கு அப்பால் இருந்த சட்டத்தோடு ஒப்பிடும்போதே விளங்கும். வடக்கே நண்டலாற்றைக் கடந்தாலும் தெற்கே வாஞ்சூரைக் கடந்தாலும் அன்று பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. பயிரை மேய்ந்த மாட்டுக்கு அங்குத் தனி விதி இருந்தது; ஆனால் மாடு ஒருவரை முட்டிக் காயப்படுத்தினால், அது முட்டும் குணமுடையது என்பதை உரிமையாளர் முன்பே அறிந்திருந்தாரா என்பதையே ஆங்கிலப் பொதுச் சட்டம் முதலில் கேட்டது. பிரெஞ்சுச் சட்டம் அவர் அறிந்தாரா என்று கேட்கவில்லை. மாடு யார் காவலில் இருந்தது என்று மட்டுமே கேட்டது. ஆகவே ஒரே டெல்டா மண்ணில், ஒரே உம்பளச்சேரிக் காளை, ஓர் ஆற்றின் இக்கரையில் முட்டினால் ஒரு சட்டமும் அக்கரையில் முட்டினால் மற்றொரு சட்டமும் பொருந்தின.

'கார்த்' எனப் பிரெஞ்சு மொழியில் சொல்லப்படும் இக்காவல், பின்னாளில் பிரெஞ்சு நீதிமன்றங்களால் விரித்துரைக்கப்பட்டது. விலங்கைத் தன் தொழில் நிமித்தம் பொறுப்பேற்று, அதன் அசைவைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் பெற்றவரே காவலர் எனக் கொள்ளப்பட்டதால், லாடம் கட்டுபவரும் கால்நடை மருத்துவரும் அந்நேரத்துக்குக் காவலர் ஆயினர். 1385-ஆம் பிரிவு, 2016-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் 1243 எனும் புதிய எண் பெற்று, பிரான்சில் இன்றும் வாழ்கிறது.

இணைப்புக்குப் பின் காரைக்காலுக்கு விரிவாக்கப்பட்ட இந்தியச் சட்டங்களுள் ஒன்றான 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. ஒரு பொருளைக் குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஒருவரிடம் கொடுத்து, நோக்கம் நிறைவேறியபின் திரும்பப் பெறுவதை அது ஒப்படைப்பு என வகுக்கிறது. சாதாரண விவேகமுள்ளவர் தம் சொந்தப் பொருளிடத்துக் காட்டும் கவனத்தை, பொருளைப் பெற்றவர் அதனிடத்தும் காட்ட வேண்டும் என 151-ஆம் பிரிவு விதிக்கிறது. 163-ஆம் பிரிவு தரும் எடுத்துக்காட்டே ஒரு பசுதான்: பராமரிப்புக்காக ஒப்படைக்கப்பட்ட பசு கன்று ஈன்றால், பசுவோடு கன்றையும் திருப்பித் தர வேண்டும். சினைப்பசுவை இரவு தங்கவைத்துப் பேறு பார்க்கும் மருத்துவமனையில், ஓர் உயிரோடு தொடங்கிய பொறுப்பு விடியும்போது இரண்டு உயிர்களுக்கானதாகிவிடுகிறது.

காப்பீட்டின் சிக்கல் இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. மூன்றாம் தரப்பினருக்கு, அதாவது காப்பீடு செய்தவரும் நிறுவனமும் அல்லாத பிறருக்கு, நேரும் காயத்தையும் சொத்துச் சேதத்தையும் ஈடுசெய்வது பொதுப் பொறுப்புப் பாலிசி. காப்பீடு செய்தவரின் பராமரிப்பிலோ காவலிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள பிறர் சொத்தை வழக்கமான பாலிசி விலக்கிவிடுகிறது. சட்டத்தின் கண்ணில் மாடும் சொத்தே. எனவே மருத்துவமனை வாயிலில் நிற்பவரை மாடு முட்டினால் பாலிசி துணைநிற்கலாம். டிராவிஸ் எனப்படும் இரும்புச் சட்டகத்துக்குள் நிற்கும் மாடு வழுக்கி விழுந்து கால் முறிந்தால், அதே பாலிசி கைவிரிக்கும். சட்டம் எந்தக் காவலை வைத்து மருத்துவரைப் பொறுப்பாக்குகிறதோ, அந்தக் காவலையே காரணம் காட்டிப் பாலிசி விலகிக்கொள்கிறது.

சிகிச்சைப் பிழைக்கு உரியது தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடு. கட்டணம் பெற்று அளிக்கும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவை அல்ல என 1994-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியதை, 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மாற்றியமைத்தது. அது மனித மருத்துவம் பற்றிய தீர்ப்பு எனினும், கால்நடை மருத்துவர் மீதான முறையீடுகளும் நுகர்வோர் ஆணையங்களுக்குச் செல்கின்றன. தொழில்முறை இழப்பீட்டுப் பாலிசி, முறையீடு எழும் நாளில் நடப்பில் இருக்க வேண்டும். சிகிச்சை அளித்த நாளும் பாலிசியில் குறித்த முன்தேதிக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். ஓராண்டு புதுப்பிக்காமல் விட்டவர் பழைய சிகிச்சைகளுக்கான பாதுகாப்பையும் இழக்க நேரும்.

காரைக்காலின் கறவை மாட்டுக்குக் காப்பீடு புதிதன்று. தேசியக் கால்நடை இயக்கத்தில் 2024-இல் செய்யப்பட்ட மாற்றத்தின்படி, விவசாயியின் பங்கு பிரீமியத்தில் 15 விழுக்காடு மட்டுமே. மாட்டின் மதிப்பைக் கணிப்பவரும், காது வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை என்ற விதியின்படி வில்லையைச் சரிபார்ப்பவரும், இறப்புச் சான்றில் கையெழுத்திடுபவரும் கால்நடை மருத்துவரே. பிறர் மாட்டுக்கு இத்தனை காகிதங்களை நிறைவுசெய்யும் அவருடைய சொந்தப் பொறுப்புக்கு ஒரு காகிதமும் இல்லாதிருப்பது நியாயமாகாது.

2008-இன் நிஷா புயலையும் 2018-இன் கஜா புயலையும் முன்வைத்துச் சொல்லவேண்டிய வெள்ளக் காப்பீடும், குறைமதிப்பில் காப்பீடு செய்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும் என்னும் சராசரி விதியும் அடுத்த வாரத்துக்குச் செல்கின்றன. அதற்குள் மருத்துவமனை நடத்தும் ஒவ்வொருவரும் தம் பாலிசியின் விலக்குகள் பகுதியைத் திறந்து, காவல் என்ற சொல் எங்கே வருகிறது என்று பார்த்து, ஒப்படைக்கப்பட்ட விலங்குக்கும் பாதுகாப்பு நீளுமா என நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் பெற வேண்டும்.