உஷார்! பிரேக் பிடித்தால் எரிகிறதே என்று நம்பாதீர்கள்

பாப்பாரப்பட்டியிலிருந்து பாலக்கோட்டுக்கோ பென்னாகரத்துக்கோ பொழுது சாய்ந்தபின் வண்டி எடுப்பவர்களே, கிளம்புமுன் வண்டிக்குப் பின்னால் போய் நின்று பாருங்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா? பிரேக்கைத் தொடாமல் பாருங்கள். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பல பைக்குகளிலும் பழைய கார்களிலும் பின்விளக்கு ஒரே பல்புதான். உள்ளே இரண்டு இழை. 5 வாட் இழை இரவு முழுக்க எரிவது. 21 வாட் இழை பிரேக் பிடிக்கும்போது மட்டும் எரிவது. ஓயாமல் எரியும் சின்ன இழைதான் பெரும்பாலும் முதலில் போகும். போன பிறகும் பிரேக் பிடித்தால் பளிச்சென்று சிவப்பு வரும். "லைட்டு நல்லாத்தானே இருக்கு" என்று கிளம்பிவிடுவோம். பிரேக் தொடாமல் ஓட்டும் நேரமெல்லாம் பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணுக்கு நாம் தெரியவே மாட்டோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த லாரி விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடும். பின்விளக்கு 155 மீட்டர் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. லாரியின் டிம் வெளிச்சம் அதில் பாதி தூரத்தைக்கூடத் தெளிவாகக் காட்டாது.

மாற்றுவது சின்ன வேலை. சாவியை எடுத்துவிட்டு, திருப்புளியால் சிவப்பு மூடியைக் கழற்றி, பல்பை உள்ளே அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் வந்துவிடும். பைக்குக்கும் காருக்கும் 12 வோல்ட், பெரிய லாரிக்கு 24. பழைய பல்பைக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள்.

இரட்டை இழை பல்பின் இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. மாற்றி வைத்து பலவந்தமாகத் திருகினால் 21 வாட் இழை விடாமல் எரியும், பிரேக் பிடிக்கையில் மங்கலான 5 வாட் இழைதான் கூடுதலாக எரியும். அந்தச் சூட்டில் மூடியே உருகலாம். ஹோல்டரில் களிம்பு ஏறியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

புது பல்பும் எரியவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். அது போயிருந்தால் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிச் சொருகாதீர்கள். வயர் தீப்பிடிக்கும்! பல்பு அடிக்கடி போனால் குற்றம் பல்பில் இல்லாமல் இருக்கலாம். ரெகுலேட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு இன்னும் பெரிய பயம் கரும்பு டிராக்டர்கள்தான். டிரெய்லரில் விளக்கே இருக்காது. இருந்தாலும் தொங்கும் தோகை அதை மூடிவிடும். சிவப்பு ஸ்டிக்கரை மட்டும் நம்பி இருட்டில் சாலையில் ஏறாதீர்கள். அது வெளிச்சம் பட்டால்தான் மின்னும், தூசி படிந்தால் அதுவும் இல்லை. கட்டு ஏற்றியபின் தோகையை ஒதுக்கிக் கட்டுங்கள், விளக்குக்கு வயர் இழுத்துக் கொடுங்கள்.

டீக்கடையில் நிற்கும்போது அடுத்த வண்டியின் பின்பக்கம் இருட்டாக இருந்தால் பேசாமல் போய்விடாதீர்கள். "அண்ணே, பின்னாடி லைட்டு எரியல, பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.