சிவப்பு லைட் எரியும்வரை காத்திருக்கலாமா?

பல கார்களில் டேஷ்போர்டு ஆயில் லைட், பிரஷர் சுமார் 0.5 பாருக்குக் கீழே இறங்கிய பிறகுதான் எரியும். அதற்குள் இன்ஜின் பேரிங் தேய ஆரம்பித்திருக்கலாம். பிரஷர் மெல்லக் குறைவதை முன்பே காட்டுவது மீட்டர்தான். பழைய கார் வைத்திருப்பவர்கள் ஆயில் பிரஷர் மீட்டரும், கூலன்ட் டெம்பரேச்சர் மீட்டரும் பொருத்திக்கொள்வது நல்லது.

மெக்கானிக்கிடம் இவற்றைச் சொல்லுங்கள்:

கம்பெனி ஆயில் சுவிட்சை எடுத்துவிடாமல், 'டீ' ஜாயின்ட் போட்டு சென்சாரையும் மாட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் லைட்டும் வேலை செய்யும்.

ஒற்றை ஒயர் சென்சாருக்கு இன்ஜின் பாடிதான் எர்த். மரையில் டெஃப்லான் டேப்பை அதிகம் சுற்றினால் மீட்டர் தப்பாகக் காட்டும்.

கூலன்ட் சென்சாரை, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே மாட்ட வேண்டும்.

ஓடும்போது ஆயில் முள் சட்டென விழுந்தால், 'வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்' என நினைக்காதீர்கள். ஓரங்கட்டி, உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.